சிரட்டையும் சின்ன ஸ்பீக்கரும்: வீட்டிலேயே ஹெட்போன் செய்வது எப்படி?

ஹெட்போனைத் தாமே செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் நல்ல ஸ்பீக்கர் தேடி அலைந்தே காசையும் பொறுமையையும் முடித்துவிடுகிறார்கள். காதைச் சுற்றி உட்காரும் குஷனுக்குக் கடைசியில் கையில் மிஞ்சியதைப் போடுகிறார்கள். பிறகு "பேஸ் இல்லை, ரின்னுக்குள்ள இருந்து பாடுற மாதிரிக் கிடக்கு" என்று ஸ்பீக்கரைக் குறை சொல்கிறார்கள். பழுதான புளூடூத் பெட்டியிலிருந்து கழற்றிய சாதாரண ஸ்பீக்கர்கூட, காற்றுக் கசியாமல் காதோடு பொருந்தினால், தவிலில் கனத்த நாதம் தரும் தொப்பிப் பக்கத்து அடியை முழுதாகத் தரும். பொருந்தாவிட்டால் விலை கூடிய ஸ்பீக்கரும் தராது. கீழே சொல்லப்போகும் எல்லா வேலையும் இந்த ஒரு விசயத்தைச் சுற்றியே வருகிறது.

சின்ன ஸ்பீக்கர் எப்படிப் போதும்?

ஒன்றரை அங்குல ஸ்பீக்கரை மேசையில் வைத்துப் பாட்டுப் போட்டுப் பாருங்கள். குரல் கேட்கும், அடிநாதம் வராது. எந்த ஸ்பீக்கருக்கும் தானாகவே எளிதில் துள்ளும் இயல்பு அதிர்வெண் ஒன்று உண்டு. இந்த அளவில் அது பெரும்பாலும் 150 முதல் 300 ஹேர்ட்ஸ் வரை இருக்கும். திறந்த வெளியில் அதற்குக் கீழே போகப்போக, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் ஒலி ஏறத்தாழ 12 டெசிபெல் குறையும். 40 ஹேர்ட்ஸுக்கு வரும்போது காதுக்கு எதுவும் மிஞ்சாது.

அதையே காதோடு சேர்த்து மூடிவிட்டால் கதை வேறு. அறை முழுவதையும் அசைக்கும் வேலை இப்போது அதற்கு இல்லை. குஷனுக்குள் அடைபட்ட ஒரு சிறங்கைக் காற்றை அமுக்கித் தளர்த்தினால் போதும். அடைபட்ட காற்றின் அழுத்தம், ஸ்பீக்கரின் அதிரும் கூம்பான கோன் எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போகிறது என்பதைப் பொறுத்தது. இயல்பு அதிர்வெண்ணுக்குக் கீழே அந்தத் தூரம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே 180 ஹேர்ட்ஸ் இயல்பு அதிர்வெண் கொண்ட ஸ்பீக்கர் காதுக்குள் 40 ஹேர்ட்ஸையும் சத்தம் குறையாமல் கொடுக்கும். காற்று வெளியே ஓடினால் மட்டும் அது மறுபடியும் மேசையில் கிடந்த ஸ்பீக்கர்தான். வலுவும் அதிகம் தேவையில்லை, சில மில்லிவாற் போதும்.

1958இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரத்தில் ஜோன் கொஸ் எஸ்.பி/3 என்ற ஸ்ரீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தபோது, அதன் உள்ளே இருந்தவையும் சின்ன ஸ்பீக்கர்களே. இசை கேட்பதற்கான ஹெட்போன் வீடுகளுக்குள் வந்த வழியே அதுதான். நமக்கும் இப்படியான வேலை புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் யாழ்ப்பாணம். உள்ளதைக் கொண்டு ஒலியை வரவைக்கும் கை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஸ்பீக்கர் தெரிவு

40 முதல் 50 மில்லிமீற்றர் விட்டம், 8 ஓம், கடதாசி அல்லது பிளாஸ்ரிக் கோன், றப்பர் அல்லது துணி விளிம்பு: இதைத் தேடுங்கள். ஃபோம் விளிம்பு வேண்டாம், நம்மூர் வெக்கைக்கு அது சில வருடங்களில் பொடியாகிவிடும். பொம்மைகளிலும் மணி அடிக்கும் சாதனங்களிலும் வரும், கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்ரிக் கோன் உள்ள ஸ்பீக்கரும் வேலை செய்யும். ஆனால் அதன் மேல்சத்தம் கூர்மையானது, அடக்கக் கஷ்டப்படுவீர்கள்.

பாரத்தைக் கவனியுங்கள். கறுப்பு பெரைற் காந்தம் உள்ளவை பாரமானவை. பளபளக்கும் சிறிய நியோடைமியம் காந்தம் உள்ளவை அதே சத்தத்தைக் குறைந்த பாரத்தில் தரும். முழு ஹெட்போனும் 350 கிராமைத் தாண்டினால் ஒரு மணித்தியாலத்தில் கழுத்து உளையும். பழைய புளூடூத் ஸ்பீக்கர்கள், கணினிக்குப் பக்கத்தில் வைக்கும் யூ.எஸ்.பி. பெட்டிகள் ஆகியவற்றில் நல்லவை கிடைக்கும். ரீவீ, றேடியோ திருத்தும் கடைக்குப் போனால், "அண்ணை, இதே மாதிரி நாலு கிடக்குமோ?" என்று கேளுங்கள். தேவை இரண்டு என்றாலும் நாலில் இருந்து ஒரு சோடி பொறுக்குவதே சரி. ஒரே மொடல் என்றாலும் இரண்டு ஸ்பீக்கர்கள் ஒரே மாதிரிப் பாடுவதில்லை.

பொறுக்கும் முறை எளிது. மல்ரிமீற்றரில் தடையை அளவிடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 7 ஓம் காட்டும், ஒன்றுக்கொன்று மிகக் கிட்டிய இரண்டை எடுங்கள். இரு விரலால் கோனைச் சமமாக, மெதுவாக அமுக்கிக் காதருகே பிடியுங்கள். உரசும் சத்தம் கேட்டால் அதைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு 1.5 வோல்ற் பற்றரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே தள்ளும்போது பற்றரியின் நேர்முனை தொடும் கால்தான் ஸ்பீக்கரின் நேர்முனை. கடையில் போட்ட அடையாளத்தை நம்பாமல் நீங்களே சிவப்பு மையால் குறி வையுங்கள். ஒரு பக்கம் மாறிப்போனால் பேஸ் போகாது. இரு காதும் தனித்தனியாகக் கேட்பதால் சத்தம் ஒன்றையொன்று அழிப்பதில்லை. ஆனால் நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரல் எங்கே என்று பிடிபடாமல் தலையைச் சுற்றிப் பரவிக் கிடக்கும். இது பலருக்கும் நேர்ந்து, காரணம் தெரியாமல் போகிற குறை.

கிண்ணம்

ஸ்பீக்கரைத் தாங்கிக் காதின் மேல் உட்காரும் கிண்ணத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று எஸ்லோன் (பி.வி.சி.) குழாயின் 90 மில்லிமீற்றர் மூடி. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதி ஹாட்வெயார் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அளவு மாறாது, வெட்டுவது சுலபம், முதல் தடவை செய்பவருக்கு இதுவே நல்லது.

எனக்குப் பிடித்தது மற்றது: சிரட்டை. கடினமானது, மெல்லியது, உள்பக்கம் வளைந்தது. நேரெதிரே பார்க்கும் இரண்டு தட்டைச் சுவர்களுக்கு இடையில் ஒலி போய்வந்து ஒரே சுரத்தைத் தூக்கிக் காட்டும். வளைந்த உட்புறத்தில் அந்தத் தொல்லை குறைவு. நன்கு முற்றிய, உருண்டையான தேங்காய் எடுங்கள். ஒரே தேங்காயின் இரு பாதியும் சோடி சேராது, ஒன்றில் கண் இருக்கும், மற்றதில் இருக்காது, ஆழமும் வேறு. ஆகவே ஒரே பருமனான இரண்டு தேங்காயை எடுத்து, இரண்டிலும் கண் உள்ள பாதியையே பாவியுங்கள். மூன்று கண்ணில் மெல்லியது ஒன்று இருக்குமல்லவா, அதைக் குத்தித் திறந்தால் வயர் போகவும் பின்னால் காற்றுத் துவாரம் வைக்கவும் துளை போடும் வேலை மிச்சம்.

தும்பு ஒன்றும் மிஞ்சாமல் வெளியே சுரண்டி, ஹக்சோ பிளேட்டால் நடுவில் அறுங்கள். கத்தியால் தட்டி உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். உள்ளே இருக்கும் தேங்காய்ச் சொட்டை நீக்கி, நிழலில் ஒரு கிழமை காயவிடுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும். பிறகு ஒரு கண்ணாடித் தட்டின் மேல் சாண்ட்பேப்பரை விரித்து, சிரட்டையைக் கவிழ்த்து வட்டமாகத் தேயுங்கள். விளிம்பு முழுவதும் கண்ணாடியில் படிய வேண்டும். உள்ளே ரோர்ச் வைத்து இருட்டில் பாருங்கள், விளிம்புக்கடியில் வெளிச்சம் தெரியும் இடத்தில் காற்றும் போகும். கடைசியில் உள்ளும் புறமும் வார்னிஷ் இரண்டு பூச்சு, மாரி காலத்து ஈரம் ஏறாது.

தட்டும் ஸ்பீக்கரும்

கிண்ணத்தின் வாயை மூடும் வட்டத் தட்டுக்கு 3 மில்லிமீற்றர் பிளைவுட் போதும். நடுவில் கோனின் அகலத்துக்கு ஒரு துளை. துளையைச் சற்று முன்பக்கமாக, அதாவது முகத்தை நோக்கிய பக்கமாக வைத்தால் பாட்டு தலைக்குள் அடைபட்ட உணர்வு கொஞ்சம் குறையும்.

ஸ்பீக்கரை மாட்டுமுன் அரத்தூள், இரும்புத்தூள் எல்லாவற்றையும் மேசையில் இருந்து துடைத்து எடுங்கள். காந்தம் அந்தத் தூளை இழுத்து, கோனை அசைக்கும் கம்பிச் சுருளின் இடைவெளிக்குள் கொண்டுபோனால் பிறகு எடுக்கவே முடியாது, சாகும்வரை கரகரக்கும். திருகாணி முறுக்கும்போது கோனின் மேல் ஒரு கட்டி அட்டையை வையுங்கள். காந்தம் ஸ்க்ரூட்றைவரைச் சட்டென்று இழுக்கும், கோன் கிழிவது அப்படித்தான்.

ஸ்பீக்கர் விளிம்புக்கும் தட்டுக்கும் இடையில் பழைய சைக்கிள் ரியூபில் வெட்டிய வளையம் ஒன்றை வையுங்கள். முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் நேர் எதிரானவை, இடையில் ஒரு மயிரிழை வழி கிடைத்தாலும் அடிநாதத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். தட்டைக் கிண்ணத்தோடு ஒட்டாதீர்கள். திருகாணியும் றப்பர் வளையமுமே நல்லது. சுருதி சேர்க்கும்போது பல தடவை திறக்க வேண்டிவரும், எபொக்சி போட்டவர் அங்கே மாட்டுப்பட்டு நிற்பார்.

குஷன்: காசைச் செலவழிக்க வேண்டிய இடம்

காது மடல் முழுவதும் உள்ளே அடங்க வேண்டும். உள் துளை குறைந்தது 60 மில்லிமீற்றர் உயரமும் 40 மில்லிமீற்றர் அகலமும் இருக்கட்டும். தடிப்பு 20 மில்லிமீற்றருக்கு மேல். தோல் போன்ற மேலுறை போட்ட, உள்ளே மெதுவாக மீளும் ஸ்பொன்ஜ் உள்ள ஆயத்தக் குஷனை வாங்குங்கள். வெல்வெற் துணிக் குஷன் வேர்வைக்கு இதமாக இருக்கும், ஆனால் துணிக்குள்ளால் காற்று போகும், பேஸும் கூடவே போகும். நம்மூர் வேர்வையை நினைத்துத் துணிக்கு ஆசைப்படுவது இயல்பு. முதலில் தோலில் செய்து சரியான ஒலி எது என்று கேட்டுவிட்டு, பிறகு துணிக்கு மாறி எவ்வளவு இழக்கிறீர்கள் என்று நீங்களே முடிவெடுங்கள்.

குஷனின் பின்புற உதடு தட்டோடு சேரும் இடத்தில் இரட்டைப் பக்க ரேப்பை இடைவெளி விடாமல் ஒட்டுங்கள். கண்ணாடி போடுபவர்களுக்குக் காதுக்கு மேலே கண்ணாடிக் கால் ஒரு சுரங்கம் தோண்டிவிடும், அவர்களுக்கு இன்னும் மெத்தென்ற, தடித்த குஷன் வேண்டும்.

சோதனை இப்படி: 50 ஹேர்ட்ஸ் ஒலியைக் குறைந்த சத்தத்தில் போட்டுக்கொண்டு ஹெட்போனை அணியுங்கள். இரு உள்ளங்கையாலும் கிண்ணங்களை மெல்ல அமுக்குங்கள். அமுக்கும்போது சத்தம் பலமாகக் கூடினால் கசிவு இருக்கிறது. கூடாமல் அப்படியே இருந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

வயர், றெசிஸ்ரர், ஒரு முக்கிய எச்சரிக்கை

தொலைபேசியின் ஹெட்போன் துளை 16 முதல் 32 ஓம் வரையான ஹெட்போனுக்கென்று செய்யப்பட்டது. 8 ஓம் ஸ்பீக்கரை நேரே கொடுத்தால் அது திணறும், ஒலி உடையும். ஒவ்வொரு பக்கத்திலும் நேர்முனை வயரில் 22 ஓம், கால் வாற் றெசிஸ்ரர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 27 ஓம். சத்தம் குறையும், ஆனால் காதருகே வைத்துக் கேட்க அது தாராளம். இதற்கு ஒரு விலையும் உண்டு: இயல்பு அதிர்வெண் இருக்கும் இடத்தில் ஒலி கொஞ்சம் தடித்து எழும். அதைப் பஞ்சால் அடக்கலாம், கீழே வருகிறது.

தொலைபேசியில் செருகும் 3.5 மில்லிமீற்றர் முளையில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி பொது. மைக் உள்ள நான்கு பகுதி முளை என்றால், இப்போதைய தொலைபேசிகளில் நுனி இடது, அடுத்தது வலது, மூன்றாவது பொது, கடைசி மைக். பழைய ஹெட்போனின் வயரைப் பாவித்தால் பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் பொது. நிறத்தை நம்பி நிற்காமல் மல்ரிமீற்றரால் ஒருமுறை பாருங்கள். அந்த மெல்லிய வயர்களில் வார்னிஷ் பூசியிருக்கும், நேரே சோல்டர் பிடிக்காது. நுனியைச் சோல்டரிங் அயனின் சூட்டில் புதிய ஈயத்தோடு சில விநாடி வைத்தால் வார்னிஷ் எரிந்து ஈயம் ஏறும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் கை கழுவுங்கள். வயர் கிண்ணத்துக்குள் வரும் இடத்தில் உட்பக்கமாக ஒரு முடிச்சு போட்டு விடுங்கள், இழுபட்டால் பாரம் முடிச்சில் நிற்கும், சோல்டரில் அல்ல.

எச்சரிக்கை இதுதான். கடையில் மலிவாகக் கிடைக்கும் பி.ஏ.எம். 8403 போன்ற சின்ன அம்பிளிபயர் பலகைகளிலும் பெரும்பாலான புளூடூத் ஸ்பீக்கர் பலகைகளிலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு முனையிலும் சமிக்ஞை வரும், அதன் கழித்தல் முனை பூமி (பொது முனை) அல்ல. இரு பக்கத்துக் கழித்தல் முனைகளையும் ஒன்றாக முறுக்கி ஹெட்போன் முளையின் பொதுவில் இணைத்தால் பலகை குறுஞ்சுற்றாகிப் போகும். அப்படியான பலகையைப் பாவிப்பதென்றால் நான்கு வயரையும் தனித்தனியே கொண்டுபோங்கள். இரைச்சலும் கேட்கும், றெசிஸ்ரர் அதையும் குறைக்கும்.

தலைப்பட்டி

உடைந்த பழைய ஹெட்போன் ஒன்றின் பட்டியை எடுப்பதே புத்தி. எஸ்லோன் குழாயைக் கீறிக் கொதிநீரில் போட்டு வளைத்தும் செய்யலாம், சுமார் 80 பாகையில் அது இளகும். ஆனால் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் கிடந்தால் மறுபடியும் தளர்ந்துவிடும், இறுக்கம் போனால் குஷன் பொருந்தாது. உருக்குப் பட்டி கிடைத்தால் அதை வளைத்து, கூர் விளிம்பு கையை வெட்டாமல் துணி சுற்றித் தையுங்கள். கிண்ணம் காதின் சரிவுக்கு ஏற்பச் சற்றே மேலும் கீழும் ஆடக்கூடியதாகப் பூட்டுவது முக்கியம். விறைப்பாக நின்றால் தாடைக்கு மேலே, காதின் கீழ்ப்பின் பக்கத்தில் இடைவெளி விழும். கசிவு அதிகம் வருவது அங்கேதான்.

சுருதி சேர்த்தல்

இதுவரை செய்தது தச்சு வேலை. இனி வருவதற்கு நல்ல காதும் பொறுமையும் வேண்டும். இதற்கு ஒரு மாலை நேரத்தையாவது ஒதுக்குங்கள்.

கேட்க நீங்கள் நன்றாக அறிந்த ஒலிப்பதிவையே எடுங்கள். நான் யாழ்ப்பாணத்துக் காதுக்குச் சொல்வது நாதஸ்வரம், தவில். தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தியின் பதிவு கிடைத்தால் அதைவிட நல்ல சோதனைக் கருவி இல்லை. தொப்பிப் பக்கம் அடிநாதத்தைச் சோதிக்கும். மற்றப் பக்கமான வலந்தலையில் விரற்கூடு படும் கூர்மை நடு, மேல் நடுப் பகுதியைச் சொல்லும். தாளத்தின் கிண்கிணி உச்சியைச் சொல்லும். நாதஸ்வரம் ஒரு சுரத்தில் இருந்து மற்றதுக்கு வழுக்கும்போது இடையில் எங்காவது ஒரு சுரம் மட்டும் துள்ளிக் குத்தினால், அந்த அதிர்வெண்ணில் உங்கள் கிண்ணம் சேர்ந்து பாடுகிறது.

மாற்றங்களை ஒரு பக்கத்தில் மட்டும் செய்யுங்கள். மற்றப் பக்கம் பழையபடி இருக்கட்டும். தொலைபேசியில் இரு காதுக்கும் ஒரே ஒலி தரும் மோனோவைத் தெரிவுசெய்து, இடது வலது சமநிலையைத் தள்ளித் தள்ளிக் கேட்டால் என்ன மாறியது என்பது உடனே தெரியும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக மாற்றினால் நினைவை நம்ப வேண்டியிருக்கும், ஒலி நினைவு சில விநாடிக்கு மேல் நிற்பதில்லை.

முதலில் கிண்ணத்துக்குள் இலவம்பஞ்சைத் தளர்வாக வையுங்கள். தலையணைக்குப் போடும் அதே பஞ்சுதான், வைத்திருந்து தூசு தட்டியது நல்லது. ஸ்பீக்கருக்கும் பஞ்சுக்கும் நடுவில் மெல்லிய துணி ஒன்று இருக்கட்டும், இல்லாவிட்டால் நார் சுருளுக்குள் போகும். பஞ்சு கூடினால் டப்பா ஒலி போகும், மிதமிஞ்சினால் உயிர் போகும். அரைவாசி நிரப்பித் தொடங்கி, கூட்டிக் குறையுங்கள். றெசிஸ்ரரால் வந்த தடிப்பு இன்னும் இருந்தால் ஸ்பீக்கரின் பின்புறச் சட்டத் துளைகளின் மேல் ஒரு துண்டு தடித்த கம்பளித் துணியை ஒட்டுங்கள். கோனின் துள்ளல் அடங்கும்.

அடுத்தது பின்துவாரம். கிண்ணத்துக்குள் அடைபட்ட சொற்பக் காற்று கோனைப் பின்னிருந்து தள்ளிப் பிடிக்கும், அதனால் பேஸ் மெலியும். 2 அல்லது 3 மில்லிமீற்றர் துளை ஒன்று அதை விடுவிக்கும். துளையின் மேல் பார்மசியில் விற்கும் கடதாசி போன்ற மருந்து ரேப்பை ஒட்டி, ஒரு படை, இரண்டு படை என்று மாற்றிப் பாருங்கள். படை கூடக் கூடக் காற்று மெதுவாகப் போகும். பேஸை ஊசிமுனை அளவில் கூட்டிக் குறைக்க இதைவிட மலிவான வழி இல்லை.

கடைசியாக மேல்சத்தம். மனிதக் காதுக்குழாய் சுமார் 2.5 சென்ரிமீற்றர் நீளம். அது 3000 ஹேர்ட்ஸை ஒட்டி இயல்பாகவே ஒலியைத் தூக்கும், மூளை அதற்குப் பழகியது. ஆகவே அந்த இடத்தில் ஒலி எழுந்து நிற்பதைக் குறையென்று நினைத்து அடக்காதீர்கள், குரல் போர்வைக்குள் போய்விடும். அடக்க வேண்டியது அதற்கு மேலே, "ஸ", "ச" காதைக் கிழிக்கும் 6000 முதல் 9000 ஹேர்ட்ஸ் வரையான பகுதி. கோனுக்கு முன்னால், அதைத் தொடாமல், ரிசூக் கடதாசியில் ஒரு படை வட்டமாக வெட்டி வையுங்கள். போதாவிட்டால் இன்னொரு படை. இதற்குப் பிறகும் மிஞ்சும் குறையைத் தொலைபேசியின் ஈக்குவலைசரில் இரண்டு மூன்று டெசிபெல் தொட்டுச் சரிசெய்யலாம். கசிவால் போன பேஸை ஈக்குவலைசரால் தூக்க நினைக்காதீர்கள், கோன்தான் அடிபடும்.

இரு பக்கமும் முடிந்ததும் ஒரு தனிக்குரல் பதிவை மோனோவில் கேளுங்கள். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை இடம் வலம் மாற்றி அணியுங்கள். சாய்வும் கூடவே மாறினால் குறை கிண்ணத்தில். மாறாமல் நின்றால் ஹெட்போனில் பிழையில்லை.

சத்தம்

ஸ்பீக்கர் காதுக்கு இரண்டு சென்ரிமீற்றரில் இருக்கிறது. தனி அம்பிளிபயரோடு இணைப்பவர்கள், சத்தத்தை முழுக்கக் குறைத்து, முளையைச் செருகி, பாட்டைப் போட்டு, அதன் பிறகே காதில் மாட்டுங்கள். செருகும்போது வரும் வெடிச்சத்தம் ஒன்றே காதுக்குப் போதுமான தீங்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, 80 டெசிபெலில் கிழமைக்கு 40 மணித்தியாலம். 90 டெசிபெல் என்றால் அது 4 மணித்தியாலமாகச் சுருங்கிவிடும். காற்றடைப்பு நன்றாக அமைந்த ஹெட்போனில் வெளிச்சத்தம் குறைவாகவே வரும், அதனால் குறைந்த சத்தத்திலேயே எல்லாம் கேட்கும்.

குஷனை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துக் காற்றாட விடுங்கள். மேலுறை உரியத் தொடங்கினால் பேஸும் மெல்ல மெலியும், ஸ்பீக்கரைத் திறந்து பார்க்குமுன் குஷனை மாற்றுங்கள்.